ஒற்றை ஆள் தூக்கும் வண்டி

பச்சைமலைச் சரிவில் அந்த நானூறு சிசி வண்டி ஜெயப்பிரகாஷின்மேல் விழுந்தபோது முதலில் அவனுக்கு வலி தெரியவில்லை; தன் கால்சட்டைத் துணி கருகும் நாற்றமே தெரிந்தது. சைலன்சர் தன் ஆடுசதையின்மீது படிந்திருக்கிறது என்பதை அறிவு உணர்ந்து, காலை இழுக்குமாறு கட்டளையிட்ட அக்கணத்தில்தான் வலி ஓர் உளியைப்போல் எலும்புவரை இறங்கியது. அவன் அலறினான். இரு கைகளாலும் இருக்கையைத் தள்ளினான். வண்டி அசையவில்லை. மாறாக, தளர்ந்த செம்மண்ணில் சற்றே வழுக்கி, முன்னினும் இறுக்கமாக அவன்மீது அமர்ந்தது. மேலே உண்ணிச் செடிகளுக்கிடையே ஏதோ ஒரு பறவை, ஒன்றுமே நடவாததுபோல், கத்திக்கொண்டிருந்தது.

வண்டிக்கு உரியவனும் அவனுடைய நண்பனுமாகிய அரவிந்தன் சரிவில் சறுக்கியபடி இறங்கிவந்து பின்சக்கரத்தைப் பற்றித் தூக்க, ஜெயப்பிரகாஷ் காலை உருவிக்கொண்டான். துணியோடு தோலும் சேர்ந்து வந்தது.

"உசுரு இருக்காடா?"

"உசுரு கெடக்கட்டும், காலு இருக்கான்னு பாரு."

"காலுக்கென்ன, அரைவேக்காடா இருக்கு." அரவிந்தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து காயத்தின்மேல் ஊற்றினான். "ஓட்டிப் பாத்துட்டு இதே மாதிரி ஒண்ணு வாங்குறேன்னு சொன்னேல்ல? பாத்துட்டேல்ல? ஒன் ஒயரத்துக்கு இந்த எருமை ஆவாதுடா. கன்னுக்குட்டியா ஒண்ணு பாரு."

ஜெயப்பிரகாஷ் அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் லாரிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்றில் பணிபுரிந்தான். பெரம்பலூரில் வீடு. வார நாட்கள் முழுதும் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்து, வெள்ளைப் புழுதியையும் ஓட்டுநர்களின் வசைகளையும் ஒருசேர விழுங்குவதே அவன் தொழில். சென்ற மாதம், எடை கூடுதலாகக் காட்டுகிறது என்று சினந்த ஓட்டுநர் ஒருவர் சாளரத்தின் வழியே கையை நுழைத்து, அவன் சட்டைக் கழுத்தைப் பற்றி, முகத்தைக் கண்ணாடியில் மோதினார். மூக்கிலிருந்து வடிந்த குருதியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அவன் அடுத்த லாரியை மேடையேறச் சொல்லிக் கைகாட்டினான். திருப்பி அடித்ததே இல்லை அவன், பள்ளிக்கூடக் காலத்திலும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில், கல் எடுத்துக் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகளிலும் மலைத்தடங்களிலும் வண்டியை ஏற்றி இறக்கும்போது, பூமி அவனை அடித்தது. அவன் பூமியைத் திருப்பி அடித்தான். அந்த அடிதடியில் மட்டுமே தன் உடல் தனக்குச் சொந்தமானது என்று அவனுக்குத் தோன்றிற்று. இதனை அவன் எவரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் மனைவி சிவரஞ்சனி நம்பியிருக்கமாட்டாள். அன்று மாலை தீக்காயத்திற்குக் களிம்பு தடவியபடி அவள் சொன்னாள்: "விழுறதுக்குன்னே ஒரு வண்டி, அதுலயும் நல்லா விழுற வண்டியாத் தேடி அலையுறீங்க. எங்கப்பா ஒங்ககிட்ட என்னத்தக் கண்டு பொண்ணு குடுத்தாரோ."

எனினும் தேடல் நிற்கவில்லை. அதன் திசை மட்டுமே மாறியது. பெரிய வண்டிகளின்மேல் அவனுக்கிருந்த மயக்கம் அந்தத் தீக்காயத்தோடு உரிந்துபோயிற்று. தான் தொடக்கத்தில் ஓட்டிப் பழகிய நூறு சிசி வண்டியோ, பள்ளத்தில் இறங்கிய ஓர் ஆண்டுக்குள் சட்டகம் வளைந்து, நொண்டி மாட்டைப்போல் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கியிருந்தது. ஆகவே இடைப்பட்டதே தனக்கு உகந்தது என்று முடிவுசெய்தான்: இருநூறு சிசி, காற்றால் குளிரும் எளிய எஞ்சின், கல்லில் இடித்தாலும் உடையாமல் வளைந்துகொடுக்கும் கம்பிச் சக்கரம், அதிலும் முன்சக்கரம் பெரியது, வரப்பில் அடிவயிறு உரசாத உயரம், உதிரிப்பாகம் வேண்டுமென்றால் சென்னைக்கு ஓடாமல் பெரம்பலூரிலேயே வாங்கிக்கொள்ளும் வசதி. இவையனைத்திற்கும் மேலாக, விழுந்தால் தான் ஒருவனாகவே தூக்கி நிறுத்தக்கூடிய எடை. கடைகளில் புதிதாக நின்றவை அவன் சம்பளத்திற்கு எட்டவில்லை. அவ்வாறு அலைந்துகொண்டிருந்த நாட்களில்தான், கைப்பேசியில் வந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுச் சித்திரை வெயிலில் அவன் ஆண்டிமடத்திற்குப் பேருந்து ஏறினான்.

விற்பவன் பெயர் முத்துவேல். ஊரைத் தாண்டி, செம்மண் தடம் ஒன்று வளைந்து வளைந்து சென்று முடியும் இடத்தில், முந்திரித் தோப்பின் முகப்பில் அவன் வீடு இருந்தது. முந்திரி பறிக்கும் காலமாதலால் முற்றமெங்கும் பழங்கள் குவிந்து, புளித்த வாடை காற்றைக் கனமாக்கியிருந்தது. முத்துவேல் சிரித்த முகத்தினன். ஜெயப்பிரகாஷின் வயதுதான் இருக்கும். வந்தவனை நிழலில் அமர்த்தி, பழம் ஒன்றை அரிந்து உப்புத் தொட்டுக் கொடுத்தபின் வைக்கோற்போருக்குப் பின்னால் சென்று, தார்ப்பாயை விலக்கி, வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்தான். பச்சை நிற டேங்க். அலகுபோல் நீண்டு உயர்ந்த முன் மட்கார்டு. பார்த்த கணத்திலேயே ஜெயப்பிரகாஷ் பழத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"ஓட்டிக் காட்டுங்களேன்," என்றான்.

"நீங்களே ஓட்டிப் பாருங்க சார். ஓட்டப் போறவரு நீங்கதான?"

முத்துவேல் கடைசிவரை அந்த இருக்கையில் அமரவில்லை. ஜெயப்பிரகாஷ் தோப்பை இருமுறை சுற்றிவந்தான். முன் மட்கார்டு மட்டும் புத்தம்புதியதாக மின்னியதைக் கண்டு காரணம் கேட்டான்.

"வரப்புல வுட்டுட்டேன் சார். ஒடைஞ்சி போச்சி. வேற போட்டாச்சி." பின்பு, பேச்சை மாற்றுபவனைப்போல், முத்துவேல் வண்டியை மண்ணில் சாய்த்துப் படுக்கவைத்தான். கைப்பிடியை ஒரு கையால் பற்றி, இடுப்பைக் கொடுத்து, ஒரே மூச்சில் நிமிர்த்தினான். "பாத்தீங்களா? இதான் இதோட அருமை. எங்க வுழுந்தாலும் ஒத்த ஆளாத் தூக்கிரலாம். எவனையும் ஒதவிக்குக் கூப்புட வேணாம்."

அவன் சொன்ன விலை, ஜெயப்பிரகாஷ் பேரம் பேசவேண்டும் என்று எண்ணிவந்த விலையைவிடக் குறைவாக இருந்தது. அது ஏன் என்று கேட்கவேண்டிய கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. வந்த வழியே திரும்பிச் சென்றது. வாங்க நினைத்தவன் வாயைத் திறந்தால் விற்பவனின் மனம் மாறிவிடும் என்று அஞ்சினான். வண்டியின் பதிவு இன்னமும் முதல் சொந்தக்காரரான திருச்சிக்காரர் ஒருவரின் பெயரிலேயே இருந்தது என்பதைக்கூட அவன் பெரிதுபடுத்தவில்லை. புறப்படும்போது முத்துவேல் தடம்வரை உடன் நடந்துவந்தான். வெகுநேரம் டேங்கின்மீது கையை வைத்தபடி நின்றான்.

"சார், ஒண்ணு சொல்லணும். விக்கிரமங்கலத்துப் பக்கம் ஒரு ஏரிக்கரை இருக்கு. அங்க மட்டும் ஓட்டாதீங்க. கர ஒடஞ்சி கெடக்கு. ஆள முழுங்கிரும்."

உடைந்த கரை என்று கேட்டவுடன் வாயில் எச்சில் ஊறுவது தடம் ஓட்டுபவர்களின் இயல்பு. முத்துவேல் அதை மறந்தானா, அல்லது வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படிச் சொன்னானா என்பது ஜெயப்பிரகாஷுக்கு விளங்கவே இல்லை. அந்த ஏரியைத் தேடிக்கொண்டு அவன் மறு ஞாயிறே கிளம்பினான்.

விக்கிரமங்கலத்திற்குச் சற்று முன்பாக, புளியமர நிழலில் வண்டியை நிறுத்தி, தடம் ஓட்டுபவர்கள் எல்லோரும் செய்வதை அவனும் செய்தான். விழும்போது உடையக்கூடியவற்றைக் கழற்றினான்: பக்கக் கண்ணாடிகள், விளக்குகள், கடைசியாக நம்பர் பிளேட். அவற்றைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, முகத்தை முற்றிலும் மூடும் தலைக்கவசத்தை அணிந்து, வாரை இறுக்கினான். தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் செய்த இந்த ஏற்பாடுகள், ஏரிக்குக் கீழே வயலில் நின்றவர்களின் கண்ணுக்கு என்னவாகத் தெரியும் என்று அவன் எண்ணிப் பார்த்ததில்லை. எந்தத் தடம் ஓட்டியும் எண்ணிப் பார்த்ததில்லை.

கரை உடைந்திருக்கவில்லை. முத்துவேல் சொன்னது பொய். நெடுகிலும் பனைமரங்கள் நின்ற அந்தக் கரை, நாணல் உரச, மேடும் பள்ளமுமாக, இப்படியொரு வண்டிக்காகவே எவரோ வெட்டிவைத்ததுபோல் நீண்டு கிடந்தது. ஜெயப்பிரகாஷ் மதகுவரை சென்றான். உடலெங்கும் ஒரு கூச்சல் எழுந்தது. அத்தோடு மதகிலிருந்தே இறங்கி நெடுஞ்சாலைக்குப் போயிருந்தால் அவன் தப்பியிருப்பான். ஆனால் வந்த வழியே மீண்டும் ஒருமுறை, இன்னும் வேகமாக ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டான்.

போகும்போது இல்லாத மாட்டுக் கயிறு ஒன்று இரண்டு பனைகளுக்கிடையே விறைத்து நின்றதைக் கடைசி நொடியில்தான் கண்டான். அது அவன் மார்பில் விழுந்தது. வண்டி அவன் கால்களுக்கிடையிலிருந்து உருவிக்கொண்டு தனியே ஓடியது. வானம் கீழே வந்தது, பிறகு மண். மூச்சு வெளியேறியது, திரும்பி வரவில்லை. கரைக்குக் கீழிருந்து ஏறிவந்த காலடிகளைக் கேட்டான். முதல் அடி விலாவில் விழுந்தது. மண்வெட்டிக் காம்பு. இரண்டாவது முழங்கையில். மூன்றாவது தலைக்கவசத்தின்மேல் விழுந்தபோது மண்டைக்குள் கோயில் மணி அடித்தாற்போலிருந்தது.

"வந்துட்டான்டா! வந்துட்டான்டா திரும்பி!"

"எம்மாம் நெஞ்சழுத்தம் இருந்தா அதே வண்டியில வருவ?"

"நம்பரக் கழட்டிட்டு வந்துருக்கான் பாரு மாமா, அன்னைக்கி மாதிரியே."

இரண்டு இளைஞர்கள், அவர்களுக்கு முன்னால், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிய தடித்த மனிதர் ஒருவர். அவர் பெயர் வேல்முருகன் என்பது பின்னர்தான் தெரிந்தது. ஜெயப்பிரகாஷ் கைகளை உயர்த்தினான். உயர்த்திய கையின்மேலும் அடி விழுந்தது. மணிக்கட்டுக்குள் ஏதோ ஒன்று, உலர்ந்த சுள்ளியைப்போல், முறிந்தது. அவர்களின் வெறியில் ஒழுங்கு இருந்தது. களத்தில் கதிர் அடிப்பவர்களைப்போல், ஒருவர் ஓங்கும்போது மற்றவர் இறக்கினார். தான் யார் என்று சொல்ல முயன்றான். கவசத்திற்குள் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. வாயில் உப்புச் சுவை நிறைந்தது.

"நிறுத்துங்கடா."

ஒரு பெண்குரல். ஓங்கிய காம்பு அந்தரத்தில் நின்றது. புல்லறுக்கும் அரிவாளை இடுப்பில் செருகியபடி கரையேறிவந்த அந்தப் பெண் மூச்சிரைக்க அவனருகில் மண்டியிட்டாள். தாடைக்குக் கீழே விரல்களை நுழைத்து வாரைப் பிடுங்கி, காது கிழிய, தலைக்கவசத்தை உருவினாள். வெயில் கண்ணைக் குத்தியது. அவள் அவன் முகத்தை, சந்தையில் ஒரு பொருளைப் பார்ப்பதுபோல், இடமும் வலமுமாகத் திருப்பிப் பார்த்தாள்.

"இவன் இல்ல."

"அக்கா, நல்லாப் பாரு. வண்டி அதே வண்டி."

"வண்டி அதுதான். ஆளு இவன் இல்ல." அவள் கையை எடுத்தாள். அவள் முகத்தில் நிம்மதி இல்லை. கைக்கெட்டியதைப் பறிகொடுத்தவளின் வெறுமையே இருந்தது.

மலர்கொடி என்னும் அந்தப் பெண், பிறகு, தன் தம்பி வேல்முருகனையோ இளைஞர்களையோ பாராமல், ஏரியைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாள். எத்தனையோ முறை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொற்களாக அவை வந்தன. "தை மாசம். எம் பொண்ணு லாவண்யா, காலேசு லீவுன்னு எங்கூடப் புல்லறுக்க வந்தா. கட்டத் தலையில வச்சிக்கிட்டு முன்னால போறா. நான் பின்னால வரேன். இந்த வண்டிதான் வந்துச்சி. புல்லுக்கட்டு அந்தாண்ட, புள்ள இந்தாண்ட. அவன் எந்திரிச்சான். மொதல்ல வண்டியத் தூக்கினான். ஒத்தக் கையால தூக்கினான். நிறுத்தி, ஒடைஞ்ச மட்கார்டத் தொட்டுப் பாத்தான். அதுக்கப்பறந்தான் எம் புள்ளயப் பாத்தான். பாத்துட்டு, தலையில மாட்டியிருந்ததக் கழட்டிட்டு வாந்தி எடுத்தான். மூஞ்சிய நான் பாத்தேன். நான் ஓடியாறதுக்குள்ள போயிட்டான். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூட அவளுக்கு உசுரு நிக்கல."

ஜெயப்பிரகாஷின் உடலில் அடிபடாத இடம் ஒன்று அப்போது வலித்தது. வைக்கோற்போரின் அருகே, இடுப்பைக் கொடுத்து வண்டியை நிமிர்த்திய அந்த அசைவைக் கண்முன் கண்டான். 'எவனையும் ஒதவிக்குக் கூப்புட வேணாம்.' தானும் இதே கரையில், சற்று முன், கண்மண் தெரியாமல் பறந்துவந்தவன்தான். நாணலுக்கு மறைவில் எவரேனும் குனிந்து புல்லறுத்துக்கொண்டிருந்தால்? அந்தக் கேள்வி இதற்கு முன் தன்னிடம் ஏன் வரவில்லை?

வேல்முருகன் அவன் முன்னால் குந்தினார். இப்போது அவர் குரலில் மரியாதை கலந்திருந்தது. அது அடியைக் காட்டிலும் அச்சமூட்டியது. "தம்பி, ஆளு தெரியாம அடிச்சிட்டோம். ஆனா ஊருக்குள்ள வரவன் மூஞ்சியத் தொறந்துக்கிட்டு வரணும். சரி, போவட்டும். யார்கிட்ட வாங்குனீங்க?"

"ஸ்டேஷனுக்குப் போவோங்க. நானே வந்து சொல்றேன்."

"ஸ்டேஷனுக்கு நாங்க போவாம இருந்தமா? நம்பர் என்னன்னு கேட்டாங்க. நம்பரே இல்லாத வண்டிக்கு நாங்க எங்க போறது? யார்கிட்ட வாங்குனீங்க?"

"போலீஸ்ல சொல்றேங்க."

வேல்முருகன் இளைஞர்களைப் பார்த்தார். அவர்கள் வண்டியை இழுத்துவந்து, பின்சக்கரம் மேலே நிற்கும்படி கவிழ்த்தார்கள். அவன் இடக்கையைப் பற்றி, சிறுவிரலைச் சங்கிலிக்கும் பற்சக்கரத்திற்கும் இடையே வைத்தார்கள். சங்கிலிக்கு அவன் அன்று காலைதான் எண்ணெய் இட்டிருந்தான். ஒருவன் சக்கரத்தை மெல்ல, மிக மெல்ல உருட்டினான். நகம் முதலில் போயிற்று. அவன் அலறல் ஏரியின் மறுகரையில் நின்ற கொக்குகளை எழுப்பியது. மலர்கொடி தடுக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை.

"ஆண்டிமடம்! ஆண்டிமடம் தாண்டிங்க! முந்திரித் தோப்பு! முத்துன்னு கூப்புட்டாங்க!"

"எந்த முத்து? அந்தப் பக்கம் கல்ல வுட்டெறிஞ்சா நாலு முத்து மேல வுழும்."

"அதுக்குமேல தெரியாதுங்க. தோப்பு தெரியும். வழி தெரியும்." விற்றவனின் எண் இருந்த கைப்பேசி விழுந்தபோதே நொறுங்கி, கண்ணாடித் தூளாகிப் போயிருந்தது. அதை எடுத்துக் காட்டினான். முழுப்பெயரை அவன் சொல்லவில்லை. அது துணிவன்று, வலி சற்றே தளர்ந்த இடத்தில் தானாக நின்றுவிட்ட வாய், அவ்வளவுதான்.

"அப்ப நீங்களே வந்து காட்டுங்க."

"நான் வரேன்டா," என்றாள் மலர்கொடி. "அவன் மூஞ்சி எனக்குத்தான் தெரியும்."

"இவருக்கும் தெரியும்க்கா. நீ வூட்டுக்குப் போ. நீ பாக்க வேணாம்."

இளைஞர்களில் ஒருவன் கீழே இறங்கிச் சென்று, சாக்கில் சுற்றிய கொடுவாளை எடுத்துவந்து வேல்முருகனிடம் கொடுத்தான். ஜெயப்பிரகாஷின் முறிந்த மணிக்கட்டைத் துண்டால் இறுக்கிக் கட்டி, விரலைத் துணியில் சுற்றி, இரண்டு பேராக அவனைத் தூக்கி வண்டியில் அமர்த்தினார்கள். வேல்முருகன் பின்னால் ஏறினார். சாக்கின் நுனி ஜெயப்பிரகாஷின் இடுப்பெலும்புக்கு மேலே அழுந்தியது. இளைஞர்கள் தங்கள் வண்டியில் தொடர்ந்தார்கள்.

ஜெயங்கொண்டம் வழியே வண்டியை ஓட்டினான். ஒவ்வொரு முறை கிளட்சைப் பிடிக்கும்போதும் சிறுவிரல் தீயில் வைத்ததுபோல் துடித்தது. ஆக்சிலேட்டரை முறுக்கிய வலக்கையோ, மணிக்கட்டு முறிந்து, தோள்வரை மரத்திருந்தது. சாலையோரத்தில் பேருந்துக்கு நின்றவர்கள், கரும்புச்சாறு குடித்தவர்கள், தலை கலைந்து, சட்டை கிழிந்து வண்டியோட்டிய அவனை ஒரு குடிகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்து முகம் திருப்பினார்கள். காவலர் ஒருவர்கூட எதிர்ப்படவில்லை. எதிர்ப்பட்டால் என்ன செய்வான் என்பதையும் அவன் அறியான்.

பிறகு, காதருகே, வேல்முருகன் பேசினார். காற்றில் பாதி பறந்துபோன பேச்சு. "காது குத்துறப்ப எம் மடியிலதான் ஒக்காந்திருந்தா. தாய்மாமன் மடி. ஊசி ஏறுறப்பக்கூட அழுவல. அண்ணாந்து என்னையப் பாத்துச் சிரிச்சா. அம்மாந்தூண்டு புள்ள. அவளக் கழுத்தோட நிமித்தி ஆம்புலன்சுல ஏத்துனதும் நான்தான் தம்பி. தல நிக்கல."

ஜெயப்பிரகாஷ் எச்சிலோடு குருதியையும் விழுங்கினான். "கண்டுபுடிச்சதும் போலீஸ்ல குடுத்துருவீங்கல்ல?"

"குடுப்போம்," என்றார் வேல்முருகன். சற்று நேரம் கழித்து, சாதாரணமாக, "மிச்சத்த," என்றார்.

ஆண்டிமடத்தைத் தாண்டியதும் செம்மண் தடம் தொடங்கியது. வெயில் தணிந்து, மர நிழல்கள் தடத்தின் குறுக்கே நீண்டிருந்தன. வழி மறந்ததுபோல் நடிக்கலாம். தவறான தோப்புக்குள் திருப்பலாம். ஆனால் தவறான தோப்பிலும் ஒரு முத்து இருப்பான், அவனும் மனிதன்தான். அவ்வாறாக, எந்த முடிவும் எடுக்காமலே, பழகிய தடத்தில் வண்டி தன்னால் வளைந்து வளைந்து சென்றது. முத்துவேல் வீட்டில் இல்லாமல் இருக்கவேண்டும் என்று அவன் வேண்டிக்கொண்டான். அதே மூச்சில், அவன் இருக்கவேண்டும், இருந்து இதற்குப் பதில் சொல்லவேண்டும், தன் விரலுக்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டும் என்றும் வேண்டிக்கொண்டான். இரண்டு வேண்டுதல்களும் சம அளவு உண்மையாக இருந்தன.

முத்துவேல் இருந்தான். தோப்பின் முகப்பில், குவித்துவைத்த பழங்களின் நடுவே அமர்ந்து, ஒவ்வொன்றாகக் கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தான். வண்டியின் ஓசை அவனை நிமிரச் செய்தது. தன் பழைய வண்டியின் ஓசை அல்லவா. பழச்சாறு சொட்டும் கையை உயர்த்திக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, அவன் எழுந்து தடத்தை நோக்கி வரத்தொடங்கினான்.

"யாரு அவன்?" என்றார் வேல்முருகன்.

"தெரியலங்க."

"கையக் காட்டுறான்."

"வண்டியப் பாத்துட்டுக் காட்டுறான். இந்த வண்டியப் பாத்தா எல்லாருந்தான் காட்டுவாங்க. இன்னும் உள்ள போவணும்."

சாக்கைக் கிழித்துக்கொண்டு இரும்பின் குளிர்ச்சி அவன் முதுகைத் தொட்டது. "நிறுத்து."

இது இரக்கமா, அச்சமா, அல்லது இன்று போதும் என்று உடல் தானாகவே மறுத்ததா என்று கேட்டால் ஜெயப்பிரகாஷால் சொல்லமுடியாது. அவன் வலக்கை முறுக்கியது. வண்டி முன்சக்கரத்தைத் தூக்கிப் பாய்ந்தது. முத்துவேலின் சிரிப்பு பக்கவாட்டில் ஒரு கீற்றாகக் கடந்துபோயிற்று. தடம் முடிந்தது. முந்திரி மரங்கள் தரையோடு தரையாகக் கிளைபரப்பி நின்றன. பழங்கள் சக்கரத்தின் அடியில் பட்பட்டென வெடித்தன. முதுகில் கத்தி ஏறியது. ஏறிய ஆழம் தெரியவில்லை. தொடைப் பருமனுள்ள கிளை ஒன்று மார்பளவு உயரத்தில் எதிரே வந்தது. அவன் தலையை டேங்கின்மேல் வைத்துப் படுத்தான். பின்னால் நிமிர்ந்து அமர்ந்திருந்தவரிடம் அவன் எதுவும் சொல்லவில்லை.

சத்தம், கோடாரி ஈரமரத்தில் இறங்கும் சத்தம்தான். பின்பாரம் மறைந்தது. இலகுவான வண்டி துள்ளி, மணலில் புதைந்து, அவனையும் எறிந்துவிட்டுச் சாய்ந்தது.

அவன் கிடந்த இடத்திலிருந்து, கிளைகளுக்கு அடியில், தோப்பின் முகப்பு வெட்டவெளியாகத் தெரிந்தது. வேல்முருகன் சருகுகளின்மேல் மல்லாந்து கிடந்தார். அவர் வாய், கரையில் எறிந்த மீனைப்போல், திறந்து திறந்து மூடியது. மூச்சு இன்னும் திரும்பவில்லை. முகப்பில், இளைஞர்களின் வண்டி முத்துவேலின் அருகில் நின்றது. ஒருவன் காலை ஊன்றி அவனிடம் ஏதோ கேட்டான். முத்துவேல், சாறு வழியும் கையை நீட்டி, தோப்புக்குள் சுட்டிக்காட்டினான். காட்டியதோடு நிற்கவில்லை. மேல்துண்டை எறிந்துவிட்டு, அவர்கள் இருவருக்கும் முன்னால், கிளைகளுக்குக் குனிந்து குனிந்து, ஓடிவரத் தொடங்கினான்.

"சார்! அசையாதீங்க சார்! இந்தா வந்துட்டேன்!"

ஜெயப்பிரகாஷ் வாயைத் திறந்தான். ஓடு என்று கத்தினால் அந்த ஒரு சொல்லே முத்துவேலைக் காட்டிக்கொடுத்துவிடும். அவனுக்கும் முத்துவேலுக்கும் இடையே வேல்முருகன் கிடந்தார். நீண்ட, கரகரத்த ஒரு மூச்சு அவர் நெஞ்சுக்குள் இறங்கியது. அவருடைய வலக்கை உயிர்பெற்று, உலர்ந்த இலைகளையும் நசுங்கிய பழங்களையும் விலக்கி விலக்கி, பக்கத்தில் எங்கோ விழுந்துகிடந்த எதையோ தேடிக்கொண்டிருந்தது.